ஏழாம் மலையின் காது

"அக்கா, உங்க நோட்டைக் குடுங்க."

கேட்கவே கூடாதது அது ஒன்றுதான். நிலவியல் துறையில் சேருகிற பிள்ளைகளுக்குச் சுத்தியலைக் கையில் கொடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவார்கள். மலைச் சரிவுக்குக் காவல் இருக்கும் 'காது'களிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்கலாம், கல்யாணம் எப்போது என்றுகூடக் கேட்கலாம், நல்ல மனநிலையில் இருந்தால் பதிலும் கிடைக்கும். மலையில் கேட்டதை அவர்கள் எழுதிவைக்கிற நோட்டை மட்டும் கேட்கக் கூடாது.

மயிலாத்தாள் கேட்டேவிட்டாள். வாசலில் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

ஜெசிந்தா கேரட் நறுக்குவதை நிறுத்தவில்லை. "வந்ததும் வராததுமா சண்டையா? உக்காரு மயிலு. டீ வைக்கிறேன்."

"டீ வேணாம்."

"அப்ப பெரிய சண்டைதான்."

ஏழாம் மலையின் சரிவில், தொட்டிக்கல் குடியிருப்புக்கு மேலே தனியாக நின்ற ஒற்றை அறை வீடு அது. ஜன்னல் வழியே பார்த்தால் கீழே எண்பத்து மூன்று வீடுகளின் தகரக் கூரைகள் தெரியும். அந்த எண்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் ஜெசிந்தாவின் பின்கழுத்தை நம்பித்தான் மழைக்காலத்தில் படுக்கப் போனார்கள்.

"என் தப்பு எத்தனை பேரை வீணா மழையில நிறுத்துச்சுன்னு பாக்கணும்க்கா. அதுக்குத்தான் நோட்டு."

கத்தி நின்றது. "என்ன தப்பு?"

"ஏழாம் மலைக்கு மணி நட்டது நான்தான். முதல் வருசம் படிக்கறப்ப. அது தாய்ப்பாறை இல்லீங்க்கா. மேல இருந்து உருண்டு வந்து நின்ன கல்லு."

அது அவளுக்குத் தெரியவந்தது திங்கட்கிழமை.

வருடா வருடம் மாணவர் மன்றம் நடத்தும் வரைபட முகாமுக்காகப் பன்னிரண்டு இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை ஏழாம் மலைக்குக் கூட்டிப் போயிருந்தாள். மயிலாத்தாள் மன்றச் செயலாளர், ஐந்தாம் ஆண்டு. இரண்டு வாரம் மலை மேல் நடந்து, பாறை தெரிகிற இடத்திலெல்லாம் அளந்து, ஆளுக்கொரு வரைபடம் போட வேண்டும். பிள்ளைகளில் இர்ஃபானுக்கு வாய் நீளம்.

"ஏங்க்கா, இதைக் கம்ப்யூட்டர் பண்ணாதா? எதுக்கு ஒரு மனுசன் கழுத்துல பட்டியை ஒட்டிக்கிட்டு உக்காரணும்?"

"கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுக்க இதே மலை நூறு வாட்டி சரியணும்டா. நூறு வாட்டி சரிஞ்சா அப்புறம் யாரைக் காப்பாத்தறது? உடம்பு அப்படி இல்ல. பாறையில நட்ட மணியோட அதிர்வைக் கழுத்துல வாங்கிக்கிட்டு நாப்பது நாள் இங்கேயே இருந்தா, எது லாரி, எது மாடு, எது மழைன்னு தோலே பிரிச்சுக்கும். பழக்கமில்லாதது ஒண்ணு வந்தா உடம்பு சொல்லிரும். பொத்தானை அழுத்துனா ஊரு சனமெல்லாம் வெளிய வந்துரும்."

"காது ஊருக்குப் போகணும்னா?"

"நாப்பது கிலோமீட்டர். அதைத் தாண்டுனா பட்டி செத்துரும். அந்த ஆளுக்கு மறுபடி ஒட்டவும் முடியாது."

"எத்தனை வருசத்துக்கு?"

"பன்னண்டு."

இர்ஃபான் விசிலடித்தான். "ஜெயிலுக்குப் போனாக்கூட நடுவுல பரோல் குடுப்பாங்க."

மயிலாத்தாள் அவனை முறைத்தாள். ஆனால் மனதுக்குள், அவன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் தோன்றியது. இந்தத் துறையைப் பற்றி அவளுக்கு எத்தனையோ கோபங்கள் உண்டு. கருங்கல் குவாரியில் ஜல்லி உடைக்கிற வீட்டிலிருந்து வந்தவளிடம் "கல்லெல்லாம் உனக்குப் பழக்கமாச்சே" என்று சிரித்த வாத்தியார்களையும் பார்த்திருக்கிறாள். காதுகளை நினைத்தால் மட்டும் அந்தக் கோபம் வாயடைத்துப்போகும். சுரங்கக் கம்பெனி, எண்ணெய்க் கம்பெனி, நார்வே, கனடா என்று இந்தத் துறைக்கு ஆயிரம் கதவு இருக்கிறது. அத்தனையும் திறந்திருக்கும்போது எழுந்து நின்று "எனக்கு மலை போதும்" என்று சொன்ன ஏழு பேர். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தங்கப் பதக்கம் வாங்கிய ஜெசிந்தா எண்ணெய்க் கம்பெனி அனுப்பிய வேலைக் கடிதத்தை மடித்து, கால் ஆடிய மேசைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு மலை ஏறியவள். அப்படி ஒரு நெஞ்சு தனக்கு வராது என்று மயிலாத்தாளுக்குத் தெரியும். அவளுக்கு மூன்று வாரத்தில் நார்வே. முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்திருந்தது. போகத்தான் போகிறாள். அதற்காக அவள் வெட்கப்பட்டதும் இல்லை.

காதுகளில் முதல்வர் துறைத்தலைவர் சிவகுருநாதனேதான். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால், கழுகுப்பாறை என்கிற செங்குத்தான பாறைமுகத்தில் மணியை நட்டு, தன் கழுத்திலேயே பட்டியை ஒட்டிக்கொண்டு, அடியில் இருந்த ஊரில் குடியேறினார். பைத்தியம் என்றார்கள். ஒரு நாள் காலையில் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தவர் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். பத்தொன்பது மணி நேரம் கழித்துப் பாறை இறங்கியது. கீழே ஒரு கோழிகூட இல்லை.

அன்றிலிருந்து துறையில் ஒரே சட்டம். மணியைத் தாய்ப்பாறையில்தான் நட வேண்டும், மலையோடு மலையாகப் பிறந்த பாறையில். உருண்டு வந்த கல்லைத் தொடவே கூடாது. அது இடம் மாறி வந்தது, அதன் சாட்சி செல்லாது. முகாமில் எவனாவது உருண்டு வந்த கல்லைத் தாய்ப்பாறை என்று வரைந்துவிட்டால், அதில் ஒரு துண்டை உடைத்து முகாம் முடியும்வரை அவன் பையிலேயே சுமக்க வேண்டும். சாப்பாட்டு வரிசையிலும் இறக்கக் கூடாது. ஐந்து வருடத்தில் மயிலாத்தாள் ஒரு தடவைகூடச் சுமந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

"அக்கா, இந்தக் கல்லுல மட்டும் உள்ள ஓடற கோடு வடக்கால சாயுது. மத்த எல்லாத்துலயும் கிழக்கால சாயுது" என்றான் இர்ஃபான்.

"இடுப்புல சுத்தியலை வெச்சுக்கிட்டு காம்பஸ் பாத்திருப்ப. இரும்பு ஊசியை இழுத்திருக்கும். தூர வெச்சுட்டுப் பாரு."

"தூர வெச்சுட்டுத்தான் பாத்தேன்."

அவளே போய்ப் பார்த்தாள். ஒரு டவுன் பஸ் அளவுக் கல். மூன்று தடவை அளந்தாள். கோடு வடக்கேதான் சாய்ந்தது. மலையோடு பிறந்த பாறையென்றால் மற்றவற்றைப் போலவே சாயும், உருண்டு திரும்பிய கல்லில்தான் கோடு மாறும். கல்லின் நடுவில் செப்பு மூடி போட்ட மணி. பக்கத்தில் உளியால் கீறிய ஒரு தேதியும் ஒரு 'ம'வும். கீறியபோது அவளுக்குப் பதினெட்டு வயது. இவ்வளவு பெரிய கல் எங்கிருந்து உருண்டு வந்திருக்கப் போகிறது என்று நினைத்தது, மன்றப் பதிவேட்டில் 'தாய்ப்பாறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது, எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அன்று கூட இருந்த மூத்தவர்கள் சரிபார்க்காமல் கைதட்டினார்கள்.

மறைத்திருக்கலாம். அவள் மறைக்கவில்லை. அன்று மாலையே துறைக்கு எழுதிவிட்டாள். செவ்வாய்க்கிழமை சிவகுருநாதன் அந்தக் கடிதத்தை முழுத் துறைக்கும் வாசித்துக் காட்டி, "இதுதான் என் மாணவி" என்றார். கையோடு உத்தரவும் வந்தது. சனிக்கிழமைக்குள் ஏழாம் மலையின் மணியைப் பிடுங்கி, இருநூறு மீட்டர் மேலே நல்ல தாய்ப்பாறையில் நட வேண்டும். நடவேண்டியவள் மன்றச் செயலாளர்.

இதையெல்லாம் மயிலாத்தாள் மூச்சுவிடாமல் ஜெசிந்தாவிடம் கொட்டினாள்.

ஜெசிந்தா கேரட் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"உருண்டு வந்த கல்லுன்னு. ரெண்டாவது மாசமே தெரியும். தெனம் அது மேல உக்காந்து சோறு தின்னவ நானு. எனக்குக் கோடு பாக்கத் தெரியாதா? நானும் அதே பள்ளிக்கூடத்துல குப்பை கொட்டுனவதானே."

"அப்புறம் ஏன்க்கா சொல்லல?"

"அது பேசுச்சு."

ஜெசிந்தா எழுந்து, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து நோட்டை எடுத்து மேசையில் போட்டாள். கொடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டீ போடத் திரும்பிக்கொண்டாள்.

மயிலாத்தாள் படித்தாள். முதல் பக்கங்கள் எல்லாம் லாரியும் மாடும். பிறகு எழுத்து மாறியது. 'இன்று கல் கனமாக இருக்கிறது. ஈரம் அடிவரை போய்விட்டது.' 'கல் ஒரு மயிரிழை கீழே உட்கார்ந்தது. கழுத்து கூசியது, கை வைத்துத் தேய்த்தும் போகவில்லை.' 'பள்ளிக்கூடத்துப் பக்கம் இழுக்கிறது. அழுத்திவிட்டேன்.' அதற்கு அடுத்த நாள் பக்கத்தில் ஒரே வரி. 'சமையல்கூடம் போனது. ஆள் யாரும் இல்லை.'

நான்கரை வருடத்தில் மூன்று முறை அழுத்தியிருந்தாள். மூன்று முறையும் மண் இறங்கியிருந்தது. மூன்று முறையும் ஊர் வெளியே நின்று பார்த்திருந்தது.

"ஒண்ணுகூடப் பொய் இல்ல" என்றாள் மயிலாத்தாள்.

"இல்ல."

"தப்பான கல்லுல நட்டும்."

"அதுதான் எனக்கும் புரியல. மத்தவங்கல்லாம் பாறையோட அடி ஆழத்துல கேப்பாங்க, நம்ம காது சும்மா மேலாக்கக் கேக்குற மட்டமான காதுன்னு நெனச்சு வாயை மூடிக்கிட்டேன். சொன்னா மணியைப் பிடுங்கிருவாங்க. பிடுங்குனா இந்த ஊருக்கு யாரு இருக்கா?"

மயிலாத்தாள் நோட்டை மூடினாள். குவாரி வீட்டுப் பெண்ணுக்குக் கல்லும் மண்ணும் வேறு வேறு என்பது படித்துத் தெரிய வேண்டியதில்லை. மழை பெய்தால் மேல்மண் வழிந்து குழிக்குள் வரும், அடியில் கல் கிடந்தது கிடந்தபடி கிடக்கும்.

"அக்கா, இங்க சரியறது பாறையா, மண்ணா?"

"மண்ணுதான்."

"பாறை மேல இருபது அடி மண்ணு. மண்ணு நழுவறது அடியில கெடக்கற பாறைக்கு எப்படித் தெரியும்? இந்தக் கல்லு மண்ணுக்குள்ள புதைஞ்சு நிக்குது. மண்ணு நகந்தா இதுவும் நகரும். அதனாலதான் பேசுது." அவள் நோட்டைத் தள்ளி வைத்தாள். "சாரோட கழுகுப்பாறை முழுக்கப் பாறை. அங்க பாறைதான் விழுந்துச்சு, பாறைதான் பேசுச்சு. ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் எல்லாம் மண் சரிவு. அங்கெல்லாம் மணி தாய்ப்பாறையில இருக்கு. கரெக்டா நட்டிருக்காங்க."

ஜெசிந்தாவின் கை டீ வடிகட்டியோடு அந்தரத்தில் நின்றது.

"அந்த அஞ்சு பேரும் ஒரு தடவையாவது அழுத்தியிருக்காங்களா?"

"இல்ல. அவங்க மலையெல்லாம் நல்ல மலைன்னு துறையில சொல்லிப்பாங்க."

"அவங்ககிட்ட யாராவது கேட்டிருக்காங்களா?"

யாரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் சட்டமாயிற்றே. ஒரு காது இன்னொரு காதைப் பார்த்துப் பொத்தானை அழுத்திவிடக் கூடாது, ஒவ்வொரு சாட்சியும் தனியாக இருக்க வேண்டும், அதனால் பன்னிரண்டு வருடமும் முடிந்த பிறகுதான் நோட்டுகளைப் பிரிக்க வேண்டும் என்று சிவகுருநாதன் வகுத்திருந்தார். நல்ல காரணம்தான். பரிசோதனையைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்தவர் வகுத்தது.

மயிலாத்தாள் நாலாம் மலைக்குப் போன் போட்டாள். நாலாம் மலையின் காது ஈஸ்வரமூர்த்தி. ஆறு வருடமாக அங்கே இருப்பவன். துறையில் கபடி ஆடியபோது அவன் தொடையைத் தட்டினால் எதிரணி பின்வாங்கும் என்பார்கள்.

"அண்ணா, மயிலு பேசறேன். உங்க நோட்டுல என்ன எழுதியிருக்கீங்க?"

"ஏய், அதைக் கேக்கக் கூடாதுல்ல கண்ணு?"

"கேட்டுட்டேன். சொல்லுங்."

பக்கத்தில் யாரோ குடம் வைக்கிற சத்தம் மட்டும் வந்தது.

"ஒண்ணுமில்ல" என்றான் கடைசியில். "ஆறு வருசமா ஒண்ணுமில்ல. லாரி தெரியுது, எங்கியோ வெடி வெச்சாத் தெரியுது. போன ஐப்பசியில என் கண்ணு முன்னாடி, வாழைத்தோப்புக்கு அந்தப் பக்கம், ஒரு வீடு அளவு மண்ணு இறங்குச்சு. கழுத்துல எறும்பு ஊர்ற அளவுக்குக்கூட இல்ல மயிலு. எனக்குத்தான் உடம்பு மரத்துப்போச்சு, நான்தான் செவிடுன்னு... யார்கிட்டச் சொல்றது? நோட்டுல எழுதியிருக்கேன். இங்க இருக்கற சனமெல்லாம் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் தூங்கப் போகுது. நான் மழைக்கு ஒரு பொட்டுத் தூங்கறதில்ல. கழுத்து சொல்லாட்டி என்ன, கண்ணால பாத்துக்கலாம்னு டார்ச்சை வெச்சுக்கிட்டு நடந்துட்டே இருப்பேன்."

ஆறு மழைக்காலம். டார்ச்சை வைத்துக்கொண்டு ஒரு மலையைச் சுற்றி நடந்திருக்கிறான்.

"நீங்க செவிடு இல்லீங்ணா" என்றாள் மயிலாத்தாள். "உங்களைக் கொண்டுபோய் ஊமைக்கிட்ட உக்கார வெச்சிருக்காங்க."

மற்ற நான்கு பேரையும் அன்றே கூப்பிட்டாள். வார்த்தைகள்தான் வேறு வேறு. ஒருத்தி வேலையை விட்டுவிடுகிறேன் என்று மூன்று தடவை கடிதம் எழுதிக் கிழித்திருந்தாள். ஒருவன் கையோடு அளவுக் கயிறும் முளைக்குச்சியும் வைத்து மண் நகர்வைத் தானே அளந்துகொண்டிருந்தான். ஒருவரும் மலையைவிட்டு இறங்கவில்லை. ஒன்றும் கேட்காத காதோடு, தங்கள் குறையை ஊருக்குத் தெரியாமல் கண்ணாலும் காலாலும் ஈடுகட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

மயிலாத்தாள் போனை வைத்தபோது ஜெசிந்தா அழுதுகொண்டிருந்தாள். மயிலாத்தாளுக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு வந்தது வேறு.

"நம்ம ஆளுங்க எப்பேர்ப்பட்ட ஆளுங்கக்கா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "இப்பேர்ப்பட்ட ஆளுங்களை இப்படியா வீணாக்கறது?"

வெள்ளிக்கிழமை துறையில் வாய்ப்புகள் நாள். கீழ் வராந்தா முழுக்க மேசைகள். எண்ணெய்க் கம்பெனிக்கு ஒன்று, நிலத்தடி நீர் வாரியத்துக்கு ஒன்று, கோடைப் பயிற்சிக்கு ஒன்று, வெளிநாட்டுப் படிப்புக்கு ஒன்று. மன்றத்தின் மேசையில் படிகங்களையும் தொல்லுயிர் எச்சங்களையும் பரப்பி, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஏழு காதுகளின் படங்கள். அதற்கு முன்னால்தான் கூட்டம் அதிகம்.

மயிலாத்தாள் மாடியேறித் துறைத்தலைவர் அறைக்குள் போனாள். பூட்ஸில் செம்மண் காய்ந்திருந்தது.

சிவகுருநாதன் அவளை உட்காரச் சொன்னார். ஐம்பத்தைந்து வயது. காலரை மீறித் தெரிகிற பட்டி. அதை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. மயிலாத்தாள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. அவரிடம் அவளுக்குப் பிடித்தது அதுதான். எந்த முட்டாள் கேள்வியையும் முழுசாகக் கேட்பார்.

"காதுகள் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கறாங்களா?" என்றார் முதலில்.

"புதன்கிழமையில இருந்து பேசறாங்க சார்."

"பதிமூணு வருஷப் பரிசோதனை அது."

"நாலாம் மலையில முந்நூறு பேர் இருக்காங்க சார். அவங்களுக்கு இது பரிசோதனைன்னு யாரும் சொல்லல."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "நீ சொல்றது சரியா இருக்கலாம். ஒரே ஒரு கல்லை வெச்சு நான் முடிவு பண்ண முடியாதும்மா. மழை முடியட்டும், குழு போடறேன், அஞ்சு மலையிலும் ரெண்டு ரெண்டு மணி வெச்சு ஒப்பிட்டுப் பாக்கலாம். அதுவரைக்கும் ஏழாம் மலை மணி மேல போகணும். தப்பான கல்லுல இருக்குன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. தெரிஞ்சும் விட்டுட்டு அங்க ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"மேல வெச்சா ஏழாம் மலையும் ஊமையாயிடும். மழைக்கு எட்டு நாள்தான் இருக்கு."

"ஊமைன்னு நீ சொல்ற. பாறை பேசும் மயிலாத்தாள். நான் கேட்டிருக்கேன்." அவர் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. "இந்த இடத்துல. உனக்கு அது என்னன்னு சொல்லிப் புரியவைக்க முடியாது."

"நீங்க கேட்டது சத்தியம் சார். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. உங்க மலை பாறை. பாறை பேசுச்சு. நீங்க இருநூறு பேரைக் காப்பாத்துனீங்க. அதைக் கேட்டுத்தான் குவாரியில இருந்து இந்தப் படிப்புக்கு வந்தேன். ஆனா உங்க காது ஒரு மலைக்குத்தான் சார். எல்லா மலைக்கும் சேத்து நீங்க கேட்டுட்டதா நினைச்சுட்டீங்க."

இப்படி யாரும் அவரிடம் பேசியதில்லை. வெளியே யாரோ மைக்கில் இரண்டு முறை ஊதிச் சரிபார்த்தார்கள்.

"நீ சொல்றது தப்பா இருந்தா?" என்றார்.

"மணியை உருண்டு வந்த கல்லுக்கு மாத்தி, நான் சொன்னது தப்பா இருந்தா, அஞ்சு மலையும் ஊமையாவே இருக்கும். இப்பவும் ஊமைதான். இதுல நட்டம் எங்க சார்?"

மேசையில் ஏழாம் மலைக்கான வேலை உத்தரவு இருந்தது, செயலாளரின் கையெழுத்துக்கு இடம் விட்டு. அதை அவள் பக்கம் நகர்த்தினார். குரல் தணிந்திருந்தது.

"நான் சொல்றதைக் கேளு. இதுல கையெழுத்துப் போடு. மூணு வாரத்துல நார்வே போ. அங்க இதையே ஆராய்ச்சியா பண்ணு, நாலு வருஷத்துல டாக்டரா வா. அப்ப நீ சொன்னா உலகமே கேக்கும். இப்ப நீ யாரு? எம்.எஸ்ஸி. முடிக்காத பொண்ணு. இன்னொண்ணும் இருக்கு. பதிவேட்டுல உருண்டு வந்த கல்லைத் தாய்ப்பாறைன்னு எழுதினது உன் கையெழுத்து. உன் நேர்மைக்காக அதை நான் கிளறல. நீ இதைப் பெருசாக்கினா குழு அதைத்தான் முதல்ல எடுக்கும். பட்டத்தையே நிறுத்தி வைப்பாங்க. உங்க வீட்டுல முதல் பட்டம் இது."

அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே அவளுக்காகப் பயந்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது. மிரட்டியிருந்தால் அவளுக்கு வேலை சுலபம்.

பட்டமளிப்பு விழாவுக்குக் கட்டுவதற்கென்று அம்மா வாங்கி வைத்த சேலை பீரோவில் விலைச்சீட்டோடு இருக்கிறது. அதை நினைக்காமல் இருக்க மயிலாத்தாளுக்கு முடியவில்லை. நினைத்தாள். நினைத்த பிறகும் அவள் கை பேனாவை எடுக்கவில்லை.

"சார், நான் அனுமதி கேக்க வரல" என்றாள். "உங்களுக்குத் தெரியாம ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நேத்து ரெண்டாம் மலையும் நாலாம் மலையும் முடிஞ்சுது. மன்றத்துப் பிள்ளைங்க பன்னண்டு பேரும் வந்தாங்க. நல்லா மண்ணுக்குள்ள எறங்கி நிக்கற கல்லாப் பாத்து மணியை மாத்திட்டோம். எல்லாத்தையும் பதிவேட்டுல எழுதியிருக்கேன், உருண்டு வந்த கல்லுன்னு எழுதி, என் ஒருத்தி பேர்ல மட்டும்."

அவர் எழுந்தேவிட்டார். "நாற்பது நாள் பழக வேணாமா? மழை எட்டு நாள்ல..."

"அவங்க உடம்பு பழகித்தான் இருக்கு. எதுக்காகக் காத்திருக்கறதுன்னுதான் தெரியாம இருந்துச்சு. ஜெசிந்தா அக்கா சொல்லித் தர்றாங்க. ஈரம் எறங்கினா எப்படி இருக்கும், கல்லு உக்காந்தா எப்படி இருக்கும்னு. அந்தக்கா இத்தனை நாளும் தன் காது மட்டமான காதுன்னு நினைச்சுட்டு இருந்திருக்காங்க சார்." கொஞ்சம் நிறுத்தினாள். "காலைல நாலாம் மலை அண்ணன் போன் பண்ணுச்சு. பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் போட்டு வாழைக்குத் தண்ணி விட்டாங்களாம். மண்ணு தண்ணி குடிக்கறது கழுத்துல தெரியுதாம். ஆறு வருசத்துல முதல் தடவை. அதைச் சொல்லிட்டு அதுக்கு மேல பேச முடியல அண்ணனுக்கு."

சிவகுருநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகுதான் தெரிந்தது. பட்டி ஓரங்களில் பழுத்துப் போயிருந்தது.

"கழுகுப்பாறை விழுந்த பிறகு எனக்கு இது ஒண்ணுமே சொன்னதில்ல" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. "பன்னண்டு வருஷமா. அதை நான் நிம்மதின்னு நினைச்சேன்."

மேசையில் கிடந்த உத்தரவை மயிலாத்தாள் அவர் பக்கமே திருப்பி நகர்த்தினாள்.

"நீ மாத்தினதுக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது" என்றார் அவர். "உத்தரவையும் வாபஸ் வாங்க முடியாது. நாளைக்கு நீ பண்ணலைன்னா வேற யாராவது பண்ணணும்."

"அனுப்புங்க சார். அந்தக் கல்லு மேல நான் உக்காந்திருப்பேன். வர்றவங்க என்னைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் மணியைப் பிடுங்கணும்."

"நார்வேக்காரங்களுக்கு நான் என்ன எழுதட்டும்?"

"எழுத வேண்டியதில்ல சார். வரலைன்னு காலைலயே நான் எழுதிட்டேன், இந்த மலைங்களை இப்படியே விட்டுட்டுப் போக முடியாது."

அவர் சட்டென்று திரும்பினார். அவள் ஏற்கனவே எழுந்து நின்றிருந்தாள். அவருக்குக் கைகூப்பினாள். அது கோபத்தில் செய்தது அல்ல. இந்த ஆள் ஒருநாள் காலையில் சோற்றை வைத்துவிட்டு எழுந்து வீடு வீடாகக் கதவைத் தட்டியவர். அதற்குத்தான் கும்பிட்டாள்.

கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினாள். கீழே வராந்தாவில் லாவண்யா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். காத்திருப்போர் பட்டியலில் மயிலாத்தாளுக்கு அடுத்த பெயர் அவளுடையது.

"ஏய் மயிலு, எனக்கு மெயில் வந்திருக்கு! நார்வேயில இருந்து! என்னடி பண்ணி வெச்சிருக்க நீ? பைத்தியமா?"

"அங்க குளுரு சாஸ்தியாம். நல்ல ஸ்வெட்டரா வாங்கிக்க" என்றாள் மயிலாத்தாள், நிற்காமலே.

லாவண்யா அவள் தோளைப் பிடிக்கப் பார்த்தாள். பிடி கிடைக்கவில்லை. மேசைகளையும் பிள்ளைகளையும் கடந்து மயிலாத்தாள் வெயிலுக்கு வந்தாள். வேப்பமரத்தடியில் மன்றத்து ஜீப் நின்றது. துளைக்கருவி பின்சீட்டில் இருந்தது. மத்தியானத்துக்குள் மூன்றாம் மலை ஏறினால்தான் நட்ட மணியைச் சுற்றிப் பூசுகிற சிமெண்ட் பொழுது சாய்வதற்குள் இறுகும். நடையை எட்டிப் போட்டாள்.